பிரம்மதேசம்: கல்வெட்டில் ஒரு குடும்ப பட்ஜெட்

கைப்பேசி வரைபடத்தில் ‘பிரம்மதேசம்’ என்று தட்டிப் பாருங்கள். ஓர் ஊர் வராது. பல ஊர்கள் வரும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பக்கம் ஒன்று. விழுப்புரத்துக்கு வடக்கே எண்ணாயிரத்தை ஒட்டி இன்னொன்று. செய்யாறு பக்கம் ஒன்று. தெற்கே அம்பாசமுத்திரத்துக்கு அருகில் ஒன்று.

முதல் இரண்டும் விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை மாற்றிப் புரிந்துகொண்டு கிளம்பினாலே போதும். அரை நாளும் போகும், பெட்ரோல் காசும் போகும், வீட்டில் எல்லோருடைய முகமும் மாறும். ‘எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம்’ என்பதை வாசலிலேயே முடிவு செய்யாத பயணத்துக்கு முதல் அபராதம் இதுதான்.

இத்தனை ஊர்களுக்கு ஒரே பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. வேதம் ஓதுபவர்களுக்கு அரசர்கள் வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்குப் ‘பிரமதேயம்’ என்று பெயர். அந்தச் சொல்தான் காலப்போக்கில் பல இடங்களில் பிரம்மதேசமாக நிலைத்தது. ஆக, இந்த ஊர்ப் பெயர்களே ஒரு பழைய வரவு செலவுக் கணக்கின் மிச்சம்தான்.

இங்கே சொல்லப்போவது விழுப்புரத்துக்கு வடக்கே, விக்கிரவாண்டி வட்டத்தில் இருக்கும் பிரம்மதேசம். பக்கத்திலேயே எண்ணாயிரம், எசாலம் என்று இரண்டு ஊர்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பெரிய செலவு கிடையாது. ஆனால் அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவர ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அது பணத்தைப் பற்றிய பாடம்.

இரண்டு கோயில்கள், ஏராளமான எழுத்து

பிரம்மதேசத்தில் பிரம்மபுரீஸ்வரர், பாதாளீஸ்வரர் என்று இரண்டு சிவன் கோயில்கள். இரண்டும் சோழர் காலக் கருங்கல் கட்டுமானங்கள். இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. தஞ்சாவூர் போலக் கூட்டம் நெருக்காது. பூக்கடை வரிசையோ செருப்பு டோக்கனோ இல்லாத அமைதியான கிராமத்துக் கோயில்கள்.

இங்கே வருகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடக்கூடாது. சுவரை ஒட்டி மெதுவாக ஒரு சுற்று வரவேண்டும். பழந்தமிழ் எழுத்துகள் வரிவரியாகத் தெரியும். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கணக்குகள்தான் என்று தெரிந்துகொண்டு பார்த்தாலே பார்வை மாறிவிடும். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், அதை யார் பொறுப்பேற்று நடத்தவேண்டும், எத்தனை காலம் நடத்தவேண்டும் என்பதுதான் அந்த எழுத்துகளில் இருப்பது.

340 மாணவர்களின் சாப்பாட்டுக் கணக்கு

அடுத்த ஊர் எண்ணாயிரம். அந்தக் காலத்தில் இதன் பெயர் இராஜராஜ சதுர்வேதிமங்கலம். இங்குள்ள அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் இருக்கும் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, இந்திய வரலாற்றுப் புத்தகங்களில் தவறாமல் இடம்பெறுகிற ஒன்று. ஒரு கல்லூரியை நடத்துவதற்கான முழுத் திட்டம் அதில் இருக்கிறது.

படித்தவர்கள் மொத்தம் 340 பேர். அவர்களில் 270 பேர் இளநிலை மாணவர்கள். வேதங்களும் இலக்கணமும் படித்தார்கள். 70 பேர் முதுநிலை மாணவர்கள்; வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் படித்தார்கள். இளைய மாணவருக்கு ஒரு நாளைக்கு 6 நாழி நெல். மூத்த மாணவருக்கு ஒரு குறுணி 2 நாழி. ஒரு குறுணி என்பது 8 நாழி. ஆக அவருக்கு 10 நாழி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 270 பேருக்கு 1,620 நாழி. 70 பேருக்கு 700 நாழி. ஒரு நாளைக்கு மாணவர்களுக்கு மட்டும் 2,320 நாழி. 96 நாழி கொண்டது ஒரு கலம் என்பதால், தினமும் 24 கலத்துக்கு மேல் நெல் வேண்டும். ஆசிரியர்களுக்குத் தனிக் கணக்கு. இவ்வளவையும் ஈடுகட்ட 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது.

இந்தக் கல்லூரி எல்லோருக்குமானதாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைய பிரமதேய ஊரின் ஒரு பிரிவினருக்கு மட்டுமே அதன் கதவு திறந்தது. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்ற அதே எண்ணம் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக வருவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1950-களில் காமராஜர் விரிவாக்கிய மதிய உணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்த வரிசையில் வந்தவை.

ஆனால் திட்டமிட்ட முறை இருக்கிறதே, அது இன்றைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும். முதலில் நோக்கத்தை எழுதினார்கள். பிறகு அதற்கு எவ்வளவு தேவை என்று ஆளுக்கு ஆள் அளந்தார்கள். கடைசியாக அந்த அளவுக்கு வருமானத்தை ஒதுக்கினார்கள். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். சம்பளம் வருகிறது, செலவாகிறது. ‘இந்த மாதம் எதற்குத்தான் போச்சு?’ என்று கடைசி வாரத்தில் யோசிக்கிறோம்.

சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் அழகான தொடர் ஒன்று உண்டு: ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு என்று பொருள். அப்படி ஓர் ஆடு உலகத்தில் கிடையாதே என்று தோன்றும்.

விஷயம் இதுதான். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எப்போதும் எரியவேண்டும். அதற்குத் தினமும் ஓர் உழக்கு நெய் தேவை. நெய்க்குப் பணம் கொடுத்தால் ஒருநாள் தீர்ந்துவிடும். அதனால் 96 ஆடுகளைக் கொடுத்தார்கள். 90 ஆடு கொடுத்த ஊர்களும் உண்டு. ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் தினமும் நெய் அளக்கவேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டியால் எண்ணிக்கை நிரம்பும். மிச்சக் குட்டியும் பாலும் அவருக்கு. ஆடுகள் சாகும், ஆனால் 96 என்ற கணக்கு சாகாது.

காசாகக் கொடுத்தாலும் இதே வழிதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று வருகிறது. பொலிசை என்றால் வட்டி. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். முதல் அப்படியே இருக்கும்; பொலிசையில்தான் விளக்கு எரியும், பூஜை நடக்கும்.

முதலைத் தொடாமல் வருமானத்தில் செலவு செய்வது என்பது வங்கிக்காரர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த புதிய விஷயமல்ல. நம் ஊர்ச் சுவரிலேயே இருக்கிறது.

இன்றைய வீட்டில் இதை எப்படிச் செய்வது?

சுற்றுலாவைக்கூட இப்போது தவணையில் விற்கிறார்கள். நான்கு நாள் போய்வந்த பயணத்துக்குப் பன்னிரண்டு மாதம் தவணை கட்டுகிற வீடுகள் உண்டு. பயணத்தின் சந்தோஷம் இரண்டாம் மாதமே மங்கிவிடும். தவணை மட்டும் மறக்காமல் வரும். மருத்துவச் செலவு ஏதாவது குறுக்கே வந்துவிட்டால், போன வருடத்துப் பயணம் இந்த வருடத்து நிம்மதியைத் தின்னும்.

இதற்கு மாற்று, பயணத்துக்கு முன்பே தவணை கட்டுவது. மாதம் 500 ரூபாய் தனியே போட்டால் வருடத்துக்கு 6,000. வங்கித் தொடர் வைப்பில் போடலாம். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்குகிறது; ஆனால் அது ஐந்து ஆண்டுத் திட்டம் என்பதால் பெரிய பயணத்துக்குத்தான் பொருந்தும்.

ஓய்வுபெற்ற பெற்றோர் ‘சாவா மூவா’ முறையை யோசிக்கலாம். ஒரு லட்சம் ரூபாய் வைப்புத்தொகைக்கு 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 6,000 ரூபாய். முதல் அப்படியே இருக்க, வருடம் ஒரு சிறிய பயணம் நடக்கும். விலைவாசி ஏறும் என்பதால் அவ்வப்போது முதலிலும் கொஞ்சம் சேர்க்கவேண்டும். ஆட்டுக்குட்டி சேர்வது மாதிரி.

சலுகை என்று எது வந்தாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதும் முக்கியம். 2025 ஆகஸ்ட் 15-ல் காருக்கான ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். முழுதும் பயன்படுத்தினால் ஒரு முறைக்கு 15 ரூபாய்தான். வாராவாரம் சொந்த ஊர் போகிறவருக்கு லாபம். வருடத்துக்கு இரண்டே பயணம், போகவர ஆறு சுங்கச்சாவடி என்றால் மொத்தம் 12 முறை. அப்போது ஒரு முறைக்கு 250 ரூபாய் விழுகிறது. ஒரே பாஸ் ஒரு வீட்டுக்குச் சேமிப்பு, பக்கத்து வீட்டுக்கு வீண்செலவு.

ஒரு நாள் திட்டம்

சென்னையிலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. திருச்சி, தஞ்சாவூர், புதுச்சேரி, காட்பாடி என்று எல்லாத் திசைகளிலிருந்தும் ரயில் உண்டு. முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்தால் தட்கால் கட்டணம் மிச்சம்.

விழுப்புரத்திலிருந்து கிராமப் பக்கம் பேருந்து இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. ஆனால் பேருந்து அடிக்கடி வராது. திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால், மூன்று ஊருக்கும் சேர்த்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். அவர்களும் நிம்மதியாகப் பார்க்கவேண்டும் என்பதுதானே பயணத்தின் நோக்கம்?

காலையிலேயே போய்ச் சேர்வது நல்லது. கிராமத்துக் கோயில்கள் நாள் முழுக்கத் திறந்திருக்காது. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரித்தால் சாவி யாரிடம் என்று சொல்வார்கள். பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்காமல் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம். தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளவும். சாப்பிட்ட இலையையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். கல்வெட்டின் மேல் திருநீறு பூசுவது, சுண்ணாம்பு தடவிப் படமெடுப்பது எதுவும் கூடாது.

எண்ணாயிரம் மலையில் சமணர் படுக்கைகளும் உண்டு. மாலையில் எசாலம். இங்குள்ள இராமநாதேஸ்வரர் கோயில், இராஜேந்திரனின் குருவான சர்வசிவ பண்டிதரோடு தொடர்புடையது. 1987-ல் இங்கே மண்ணுக்குள்ளிருந்து இராஜேந்திரன் காலத்துச் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் வெளிப்பட்டன. கோயிலுக்குக் கொடுத்த நிலத்தின் பத்திரம் அந்தச் செப்பேடு. ஏறக்குறைய 950 வருடம் மண்ணில் கிடந்தும் எழுத்து அழியவில்லை.

வீட்டுப் பத்திரம், காப்பீட்டு ரசீது, வங்கி நாமினி விவரம் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று குடும்பத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? எசாலத்திலிருந்து திரும்பும் வழியில் பேசுவதற்கு இதைவிட நல்ல விஷயம் கிடையாது.

இன்னும் ஒன்று. செய்யாறு பக்கத்துப் பிரம்மதேசத்திலும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராஜேந்திரன் மறைந்தபோது உடன் உயிர்விட்ட அவன் தேவி வீரமாதேவியின் நினைவாக, அவளுடைய தாகம் தணியவேண்டும் என்று அவள் சகோதரன் தண்ணீர்ப் பந்தலுக்கு ஏற்பாடு செய்த செய்தி அது. பேரரசனின் குடும்பம். கொடுத்ததோ வழிப்போக்கருக்குக் குடிதண்ணீர்.

அடுத்த விடுமுறைக்கு அங்கே போகலாம். வரைபடத்தில் சரியான பிரம்மதேசத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதற்கான 500 ரூபாயை இந்த மாதமே எடுத்துவைத்துவிட்டு.