நாலரைப் பாய் அறையும் நாடறிந்த படக்கதையும்

டோக்கியோவின் தோஷிமா வட்டத்தில் மினாமி நாகசாகி என்றொரு குடியிருப்புப் பகுதி. அங்குள்ள சிறு பூங்காவில் இரண்டு தள மரக் கட்டடம் ஒன்று நிற்கிறது. மங்கிய சுவரையும் மழைக் கறையையும் பார்த்தால் எழுபது வருடப் பழசு என்றுதான் தோன்றும். ஆனால் அது திறக்கப்பட்டது 2020 ஜூலை 7 அன்று. சற்றுத் தள்ளியிருந்த அசல் கட்டடம் 1952-ல் எழும்பி, 1982-ல் இடிக்கப்பட்டது. இடித்து 38 வருடம் கழித்து, கறைகூட மாறாமல் அதைத் திரும்பக் கட்டியிருக்கிறது வட்ட நிர்வாகம். இத்தனை மரியாதை பெற்ற அந்த வீட்டில் குடியிருந்தவர்கள், மாத வாடகைக்குத் திண்டாடிய, மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை வரைந்தவர்கள். வீட்டின் பெயர் டோக்கிவா-சோ.

காலணியைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் கால் வைத்ததும் பலகை முனகுகிறது. பழைய படி அப்படித்தான் முனகியதாம். புதுப் படியையும் அப்படியே முனகச் செய்திருக்கிறார்கள். மேலே குறுகலான நடை, இருபுறமும் அறைகள். ஒவ்வொன்றும் ஜப்பானியத் தரைப்பாய்க் கணக்கில் நாலரைப் பாய் அளவு. நம் கணக்கில் 80 சதுர அடிக்கும் குறைவு. வரைவது, உண்பது, உறங்குவது எல்லாம் அதற்குள்தான். சமையலறையும் கழிப்பறையும் பொது. குளியலறை கிடையாது. பொதுக் குளியலுக்குக் காசில்லாத நாளில், அல்லது போக நேரமில்லாத நாளில், சமையலறைத் தொட்டியிலேயே குளித்ததாக அங்கே வாழ்ந்தவர்கள் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அந்தத் தொட்டியும் மறுபடி உருவாக்கப்பட்டிருக்கிறது. மற்ற பார்வையாளர்களைப் போலவே நானும் அதிக நேரம் நின்றது அதன் முன்தான்.

1953-ன் தொடக்கத்தில் 14-ம் எண் அறைக்குக் குடிவந்தவர் ஒசாமு தெசுகா. மருத்துவம் படித்துக்கொண்டே பேனாவைப் பிடித்தவர். 'ஆஸ்ட்ரோ பாய்' என்று உலகம் அறிந்த இயந்திரச் சிறுவனைப் படைத்தவர். அவருடைய கையெழுத்துப் பக்கங்களுக்காகப் பத்திரிகை ஆட்கள் வாசலில் காத்துக் கிடப்பார்கள். யாருக்கு முதலில் பக்கம் கிடைக்கும் என்பதில் அவர்களுக்குள்ளேயே சச்சரவு நடக்கும். 1954 அக்டோபரில் அவர் காலி செய்தபோது, வீட்டுக்காரரிடம் கட்டியிருந்த 30,000 யென் முன்பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. மேசையையும் விட்டுவிட்டு, ஊரிலிருந்து வந்த இரு இளைஞர்களுக்கு அறையைக் கைமாற்றினார். மாத வாடகை 3,000 யென். முன்பணம் அதைப்போல் பத்து மடங்கு. அந்த உதவி இல்லாவிட்டால் அவர்கள் அங்கே நுழைந்திருக்கவே முடியாது. இருவரும் ஃபுஜிக்கோ ஃபுஜியோ என்ற ஒரே பெயரில் வரைந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹிரோஷி ஃபுஜிமோட்டோ பின்னாளில் படைத்ததுதான் 'டோரேமான்'. தொலைக்காட்சியில் தமிழ் பேசும் அந்த நீலப் பூனையை நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

புகழ் வருவதற்கு முன் அவர்களுக்குப் பெரிய சறுக்கல் ஒன்று காத்திருந்தது. 1955 புத்தாண்டுக்குச் சொந்த ஊர் போனவர்கள், வீட்டு நிம்மதியில் மெத்தனமாகிவிட்டார்கள். கையிலிருந்த தொடர்களில் பெரும்பாலானவை கெடு தவறின. விளைவு, ஏறக்குறைய ஒரு வருடம் பத்திரிகைகள் அவர்களைச் சீந்தவில்லை. எத்தனை அழகாக வரைந்தாலும் அச்சகத்துக்கு நேரத்தில் பக்கம் போகவில்லை என்றால் பிழைப்பு இல்லை.

அந்தப் பிழைப்பு எப்படி நடந்தது என்பதை அறைகளில் பரப்பி வைத்த சாமான்களே காட்டுகின்றன. குட்டை மேசை, மைப்புட்டி, முள் பேனா, வெள்ளைச் சாயம், அளவுகோல். முதலில் கட்டம் கட்டமாகக் கதையைப் பிரித்துக் கிறுக்கலாக ஒரு வரைவு போடுவார்கள். இதழாசிரியர் அதை ஒப்புக்கொண்ட பிறகு தடித்த தாளில் பென்சில், அதன்மேல் மை. மை காய்ந்ததும் பென்சில் கோட்டை அழித்து, கருப்பு வரவேண்டிய இடங்களைத் தூரிகையால் நிரப்பி, பிசிறுகளை வெள்ளைச் சாயத்தால் மூடுவார்கள். முகமும் கண்ணும் படைப்பாளியின் கையில் இருக்கும். பின்னணிக் கட்டடமும் கருப்பு நிரப்புவதும் உதவிக்கு வந்தவர் பொறுப்பு. டோக்கிவா-சோவில் அந்த உதவியாளர் பெரும்பாலும் பக்கத்து அறைக்காரராகவே இருந்தார். கெடு நெருங்கிவிட்டால் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் கை ஓடும்.

அங்கே குடியிருந்த ஃபுஜியோ அகாட்சுகா அப்படித்தான் சக குடித்தனக்காரரான ஷோதாரோ இஷினோமோரிக்குச் சமைத்துப் போட்டு, மை தீட்டி உதவினார். சொந்தமாக வாய்ப்பு வராமல் தொழிலையே விட்டுவிட நினைத்த நேரத்தில், அவருக்குப் பணம் கொடுத்துத் தடுத்து நிறுத்தியவர் 22-ம் அறையின் ஹிரோ தெராதா. வீட்டுக்கே அண்ணன் அவர். அகாட்சுகா பிறகு ஜப்பானின் நகைச்சுவைப் படக்கதை மன்னர் ஆனார். பேஸ்பால் கதைகள் வரைந்த தெராதாவோ, பரபரப்பும் வன்முறையும் ஏறிய இதழ்களோடு ஒத்துப்போக மனமில்லாமல் படிப்படியாக ஒதுங்கிக்கொண்டார்.

இந்த ஆண்கள் கூட்டத்தில் ஒரே பெண் ஹிதேகோ மிசுனோ. மீன்வலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே படம் வரைந்தவர். 1958-ல் சில மாதங்கள் இங்கே தங்கினார். அவரும் இஷினோமோரியும் அகாட்சுகாவும் சேர்ந்து 'யு. மையா' என்ற புனைபெயரில் கதைகள் வெளியிட்டார்கள். சிறுமிகளுக்கான இதழ்களிலும் ஆண்களே அதிகம் வரைந்துகொண்டிருந்த காலம் அது.

வெளியே ஊர் இவர்களை எப்படிப் பார்த்தது? 1955-ல் 'கெட்ட புத்தகங்களை விரட்டுவோம்' என்ற இயக்கம் ஜப்பானில் உச்சத்தில் இருந்தது. பெற்றோர் சங்கங்களும் தாய்மார் அமைப்புகளும் படக்கதைகளைக் குழந்தைகளைக் கெடுக்கும் சரக்கு என்றன. சில இடங்களில் புத்தகங்களைத் திரட்டி எரித்தார்கள். தெசுகாவின் கதைகளும் ஏச்சுக்குத் தப்பவில்லை. அதே வருடம், புதியவர்களின் படங்களைப் பிரசுரித்து அவர்களைத் தெசுகாவோடு இணைத்த 'மங்கா ஷோனென்' இதழும் நின்றுபோனது.

இந்த நிலை மாற ஒரு தலைமுறை ஆயிற்று. 1989-ல் தெசுகா இறந்தார்; மறுவருடம் டோக்கியோவின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. கியோத்தோவில் ஒரு பழைய தொடக்கப் பள்ளி 2006-ல் சர்வதேச மங்கா அருங்காட்சியகம் ஆனது. அதே வருடம் கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகம் படக்கதைக்கென்றே தனிப் புலம் தொடங்கியது. 2018-ல் பாரிஸ் ஏலத்தில் 'ஆஸ்ட்ரோ பாய்' மூலப் பக்கம் ஒன்று இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது.

அதற்காக எதிர்ப்பு அடியோடு மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மங்கா ரசிகரான பிரதமர் தாரோ ஆசோவின் அரசு, 2009-ல் 1,170 கோடி யென்னில் ஒரு தேசியக் காட்சிக்கூடம் கட்டத் திட்டமிட்டது. 'அரசாங்கம் நடத்தும் மங்கா கஃபே' என்று எதிர்க்கட்சி கேலி செய்தது. ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. மட்சுயே நகரில் ஹிரோஷிமா குண்டுவீச்சைச் சொல்லும் 'பேர்ஃபுட் கென்' படக்கதை பள்ளி நூலகங்களின் திறந்த அலமாரியிலிருந்து அகற்றப்பட்டு, 2013-ல் நாடு தழுவிய கண்டனத்துக்குப் பிறகே திரும்ப வந்தது.

ஆக, படக்கதைக்குக் கலை என்ற தகுதியை முதலில் கொடுத்தது அரசாங்கமோ அருங்காட்சியகமோ அல்ல. பெற்றோர் பறித்துப் போட்டதையும் ஒளித்து வைத்துப் படித்த பிள்ளைகள் வளர்ந்து ஆசிரியராகவும் அதிகாரியாகவும் பதிப்பாளராகவும் ஆனார்கள். அவர்கள் வழியாகத்தான் அந்தத் தகுதி வந்தது. டோக்கிவா-சோ மீண்டும் எழும்பியதும் உள்ளூர்க்காரர்கள் பல வருடம் விடாமல் கேட்டதால்தான்.

மரியாதை கிடைத்தது. வேலைச் சுமை மட்டும் குறையவில்லை. இஷினோமோரி வரைந்த பக்கங்கள் 1,28,000 என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. அவர் 60 வயதில் இறந்தார். தெசுகாவுக்கும் 60. தெராதா 61, ஃபுஜிமோட்டோ 62. நீண்ட ஆயுளுக்குப் பேர்போன நாட்டில் இவை குறைந்த வயதுகள். காரணம் வேலை மட்டும்தான் என்று மருத்துவர் அல்லாத நாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் வார இதழ்க் கெடுவின் ஓட்டம் இன்றைய தலைமுறையையும் விடவில்லை. பின்னணியும் கருப்பும் தீட்டும் உதவியாளர்களின் பெயர்களை வாசகர்கள் இன்றும் அறிவதில்லை.

டோக்கியோ போகிறவர்கள் ஓஎதோ சுரங்க ரயிலில் ஒச்சியாய் மினாமி நாகசாகி நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. அந்த இளைஞர்கள் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்ட மட்சுபா கடை அருகிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வேறு நாளாகப் பார்த்துப் போங்கள்.