ஆவணியில் தொடங்கும் பறவைக் கணக்கு

பறவைக் கணக்குக்கான புது நோட்டை ஆவணி ஒன்றில் திறப்பது என் வழக்கம். கேரளத்து நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில், பாறசாலை தாண்டிக் களியக்காவிளை எல்லையைத் தொடும் ஊர்களில், பழைய நில ஆதாரங்களும் ஜாதகங்களும் கொல்லம் ஆண்டில்தான் எழுதப்பட்டிருக்கும். தமிழ் பேசும் வீட்டில் அதன் முதல் மாதம் ஆவணி, மலையாள வீட்டில் சிங்ஙம். இருவருக்கும் ஆண்டு அன்றே பிறக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் பிறந்தது 1200ஆம் ஆண்டு. பறவை பார்ப்பவர்கள் உலகெங்கும் ஜனவரி முதல் தேதியில்தான் ஆண்டுப் பட்டியலைத் தொடங்குகிறார்கள். எங்கள் விளையில், அதாவது வீட்டுத் தோட்டத்தில், நடப்பதைப் பார்த்தால் அந்தத் தேதி ஒத்துவரவில்லை.

ஆறுமணிக்குருவியைச் சொல்கிறேன். இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் அது இங்கே வந்து இறங்கும். பச்சை முதுகும் நீலத் தோளும் வாலடியில் குங்குமச் சிவப்புமாக இருந்தாலும், பலாமரத்தடிச் சருகில் நின்றால் எளிதில் கண்ணில் படாது. விடியலிலும் அந்தியிலும் எழும் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்டுத்தான் வந்துவிட்டதென்று அறிவோம். பங்குனி, சித்திரைவரை அதே சருகைப் புரட்டிப் புழு தின்னும். ஜனவரியில் நோட்டை மாற்றினால் ஒரே வருகை இரண்டு ஆண்டுகளாக உடைந்துவிடும். ஆவணியில் மாற்றினால் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரே நோட்டுக்குள் அடங்கும். வந்த தேதி முன்பக்கங்களில் இருக்கும், கடைசியாகக் கூவிய தேதி பின்பக்கங்களில்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆவணியில் விருந்தாளிகள் எவரும் வந்திருப்பதில்லை. ஆகவே நோட்டின் முதல் பக்கங்களில் ஊரை விட்டு எங்கும் போகாத பறவைகள்தான் இடம்பிடிக்கும். முதல் வரி எப்போதும் காக்கை. ஆடி அமாவாசைக்குப் பலிச்சோறு தின்ற அண்டங்காக்கைகள் அப்போது இன்னும் முற்றத்தை விட்டு அகல மனமில்லாமல் இருக்கும். பிறகு பூத்தாங்கீரிக் கூட்டம், ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். செம்போத்து கிணற்றடியில் நத்தை தேடும். வால்காக்கை தென்னை ஓலையில் தொங்கிக்கொண்டு பூச்சி பொறுக்கும். மலையாளத்தில் ஓலேஞ்ஞாலி என்று அழைப்பார்கள், அது தொங்குவதைக் கண்டவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. வாழைப்பூ விரிந்தால் தேன்சிட்டுகள் வந்துவிடும். அயனிச்சக்கை பழுக்கும் பருவத்தில் குக்குறுவான்கள் நாள் முழுக்க மரத்தை விட்டு இறங்குவதில்லை. கருந்தலை மாங்குயிலும் சின்னானும் மிச்சம் மீதியைத் தின்னும். ஒரு அயனி மரம் இத்தனை பேருக்குப் படியளக்கிறது என்பதை நோட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். அந்த மரத்துக்குத் தடி வியாபாரிகள் விலை கேட்டு வரும்போதெல்லாம் நோட்டுதான் எங்கள் வீட்டில் பதில் சொல்கிறது.

விதிகள் எளிமையானவை. நான்கு எல்லைக்குள் நின்று பார்த்ததும் கேட்டதும் கணக்கில் சேரும். விளைக்கு மேலே பறந்துபோகும் செம்பருந்து சேரும். இரவில் நத்து அலறினால், ஆளைக் காணாவிட்டாலும் சேரும். பெயருடன் தேதி, மரம், பறவை செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றையும் எழுதுவேன். புரட்டாசி கழிந்து வரும் கதிர்க்குருவிகள் மட்டும் கடினம். எல்லாம் ஒரே பச்சை, ஒரே அளவு, ஒரு கிளையில் கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காது. அவற்றைக் குரலை வைத்துப் பிரிப்பதே வழி. இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் இதே இனத்துக் குருவிகளைப் பாட்டின் வேறுபாட்டால் மூன்று வகையாகப் பிரித்தார். அவருடைய புத்தகம் 1789இல் வெளிவந்தது. அவரும் வீட்டுத் தோட்டத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் தேதி குறித்தவர்தான். நம்மில் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தியை எழுதினார். காட்டு யானையை எழுதிய அதே அக்கறையோடு வீட்டோரக் காக்கையையும் எழுதியதால்தான் அவரை மீண்டும் மீண்டும் படிக்கிறேன்.

அரிய பறவை ஒன்று வந்தால் ஊரே பேசும், யாராவது படம் எடுப்பார்கள், அது எங்காவது பதிவாகிவிடும். சாதாரணப் பறவைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாறுக் கழுகுகளின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1980களில் அவை எண்ணவே தேவையில்லாத அளவுக்கு இருந்தன. ராஜஸ்தானின் பரத்பூரில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் அவற்றை எண்ணி வைத்திருந்தார். அந்த எண்ணிக்கை இருந்ததால்தான் 1990களில் வீழ்ச்சி வெளிச்சத்துக்கு வந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தே காரணம் என்பது பின்னர் தெரிந்து, 2006இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. அதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டது. கேரளத்தில் இன்று பாறு வாழ்வது வயநாட்டுக் காட்டில் மட்டும். காக்கையை முதல் வரியில் எழுதும்போது எனக்கு இதுதான் நினைவில் இருக்கிறது.

எங்கள் நோட்டுகளில் என்னை அதிகம் கலங்கவைப்பது பனை உழவாரன். இந்த எல்லைப்பகுதி ஒரு காலத்தில் பனையால் வாழ்ந்தது. விடியற்காலையில் பனையேறி அக்கானி இறக்கி, கருப்பட்டி காய்ச்சிய வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. பனை உழவாரன் அந்த மரத்தை நம்பிய பறவை. இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஓலையின் அடிப்பக்கத்தில் ஒட்டி உள்ளங்கைக்குள் அடங்கும் கூடு செய்யும். தொங்கும் காய்ந்த ஓலைதான் அதற்கு வீடு. தரையில் இறங்குவதில்லை, கிளையில் அமர்வதில்லை. பறந்தபடியே கொசுவும் ஈசலும் பிடித்து வயிறு நிரப்பும். கமுகிலும் தென்னையிலும்கூட அது கூடு கட்டும் என்றாலும், எங்கள் பக்கம் அதைக் கூட்டமாகப் பார்த்ததெல்லாம் பனங்கூடலுக்கு மேல்தான். ஏறுவதற்கு ஆளில்லாமல் போனதும் பனைகள் வீட்டுமனைக்கும் ரப்பருக்கும் வழிவிட்டன. முன்பெல்லாம் மாலை வானத்தில் ‘கூட்டம்’ என்று எழுதிய இடத்தில் இப்போது ‘நாலைந்து’ என்று எழுதுகிறேன். வாழ்நாள் முழுதும் பனையேறிய பக்கத்து வீட்டுப் பாட்டா, திண்ணையில் சாய்ந்து அந்த வானத்தைப் பார்த்து ஒருநாள் கேட்டார்: “லே மக்கா, ஓலையே இல்லியே, அது எங்க போயி அடையும்?”

விளையின் கீழ்ச்சரிவு ஏலாவில், அதாவது வயல்வெளியில், போய் முடிகிறது. நெல் விளைந்த காலத்தில் நாற்று நடவுக்குக் கொக்கும், கதிர் முற்றும்போது தினைக்குருவியும், ஓரத்துத் தென்னையில் தூக்கணாங்குருவிக் கூடுகளுமாக இருந்தது. இப்போது ஏலாவில் வாழையும் மரச்சீனியும் நிற்கின்றன. 1970களில் கேரளத்தில் எட்டரை லட்சம் ஹெக்டேருக்கு மேலிருந்த நெல் வயல் இன்று சுமார் இரண்டு லட்சம். 2008இல் நெல்வயலைக் காக்கச் சட்டம் வந்தது; வாழை நட்டவர்கள் திரும்ப நெல்லுக்கு வரவில்லை. கூலியும் நீரும் கணக்குப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. தண்ணீர் தேங்கும் வாய்க்காலில் குளக்கோழி மட்டும் குஞ்சுகளோடு தாக்குப்பிடிக்கிறது. தூக்கணாங்குருவிக் கூடு தொங்கிய தென்னை இன்னும் நிற்கிறது, கூடு இல்லை.

புதிதாக வந்தது மயில். சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் பறவைகளை ஆய்ந்தபோது, கன்னியாகுமரியும் எங்கள் ஊரும் ஒரே ராஜ்ஜியத்தில் இருந்தன. இன்று காண்பதுபோல வீட்டு முற்றத்தில் மயில் நடமாடிய காலமல்ல அது. இப்போது கூரையில் ஏறி அகவுகிறது, பயற்றங்கொடியைக் கிளறுகிறது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு, மயிலின் பரவலை நிலம் வறண்டுவருவதன் அறிகுறியாகப் பார்க்கிறது. வடகேரளத்தைவிட மழை குறைவான எங்கள் பகுதியில் அதைப் படித்தபோது, மயிலின் வரியை வெறும் மகிழ்ச்சியோடு எழுத முடியாமல் போயிற்று. பட்டியல் நீள்வது எப்போதும் நல்ல செய்தி ஆகாது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை முப்பதாயிரம் பேரின் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. மயிலும் குயிலும் பெருகுகின்றன, பனங்காடை குறைகிறது என்று அது சொன்னது. அந்தக் குறிப்புகளில் வீட்டு வாசலில் நின்று எண்ணி எழுதும் சாமானியர்களின் உழைப்பும் உண்டு. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாநிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் நடந்து எண்ணிப் பறவை வரைபடம் தயாரித்தார்கள். கூலி வாங்காமல் செய்த அந்த வேலையை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

எல்லையில் இருப்பதில் எங்களுக்கு ஒரு வசதி. ஓணத்துக்குக் கேரளத்திலும் பொங்கலுக்குத் தமிழ்நாட்டிலும் பறவை எண்ணுகிறார்கள். பொங்கல் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. ஓணம் ஆவணியிலேயே வருவதால், எங்கள் நோட்டின் முதல் பக்கமும் ஓணக் கணக்கும் ஒன்றாகிவிடும். பொங்கலுக்கு எல்லை தாண்டி விளவங்கோட்டுப் பக்கம் மாமா வீட்டுக்குப் போவோம். 1956 நவம்பர் ஒன்றில் அவர்கள் தமிழ்நாட்டுக்கும் நாங்கள் கேரளத்துக்குமாகப் பிரிந்தோம். அதற்கு முன்னால் அது எங்களுக்குப் பக்கத்துத் தாலுகா, அவ்வளவுதான். மாமா வீட்டு வரப்பில் இன்னும் பனைகள் நிற்கின்றன. ஒரு தை மாதத்து வெயிலில் அங்கே பனை உழவாரன்கள் பழையபடி கூட்டமாகச் சுற்றுவதைப் பார்த்தேன். எங்கள் வானத்தில் அது குறைந்தது பறவையே குறைந்ததாலா, ஓலை தேடி அந்தப் பக்கம் போய்விட்டதாலா என்பதை என் நோட்டு மட்டும் தனியாகச் சொல்லாது. சில கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் அதே மாதங்களில் அதே பறவையை எழுதினால்தான் தெரியவரும். மாமாவின் பேத்தி இந்த ஆண்டிலிருந்து எழுத ஒப்புக்கொண்டிருக்கிறாள். வரப்பிலுள்ள பனைகள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எதில் காய்ந்த ஓலை தொங்குகிறது, எதில் வெட்டிவிட்டார்கள் என்றும் சேர்த்து எழுதலாம் என்பது அவள் யோசனை. என் நோட்டில் இதுவரை இல்லாத பத்தி அது. வரும் ஆவணியில் எங்கள் பக்கத்தில் மிஞ்சிய பனைகளுக்கும் நான் அதையே செய்யப்போகிறேன்.