வாசலில் தொங்கும் விளக்கு

மார்கழி பிறக்கும் முன்பே எர்ணாகுளத்தில் விளக்குக் காலம் பிறந்துவிடுகிறது. நண்பர்களே, டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் மாலை மெட்ரோ வண்டியில் கலூர் நிலையத்தில் இறங்கிச் சற்றே நடந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமைதோறும் கூட்டம் நெரியும் அந்தோணியார் திருத்தலத்தைச் சுற்றிய தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரு காகித நட்சத்திரம் தொங்கும். மதில்மேல் பச்சையும் சிவப்பும் மாறி மாறிக் கண் சிமிட்டும். கோட்டைக் கொச்சிப் பக்கம் போனால் வெளி மைதானத்துத் தூங்குமூஞ்சி மரம் ஒன்று உச்சி முதல் அடி வரை விளக்கு உடுத்தி விழித்துக்கொண்டிருக்கும். அதற்கு முன்னரே மட்டாஞ்சேரிக் குஜராத்தியர் தெரு தீபாவளிக்கு ஒளிர்ந்து முடிந்திருக்கும். நம்மவர் மட்டும் இளைத்தவரா? கார்த்திகையன்று நம் மாணவர் தங்கியிருக்கும் அறை வாசல்களில் அகல் இரண்டாவது எரியாமல் இராது. எண்ணெய்க் கறைக்காக வீட்டுக்காரரிடம் மறுநாள் வாங்கிக் கட்டிக்கொள்வது வேறு கதை.

அகல் விளக்கில் ஒரு வசதி உண்டு. அது சுடும் என்பது இரண்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும். எட்டி நின்று பார்க்கும். திரைச்சீலைக்கு அருகில் யாரும் அகலை வைப்பதில்லை. மேல்நாட்டாரும் கிறிஸ்துமஸ் மரத்தில் முன்பு மெழுகுவத்தியைத்தான் ஏற்றினார்கள். பக்கத்திலேயே வாளியில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். 1882ஆம் ஆண்டு டிசம்பரில் எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் என்பவர் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் 80 சிறு மின்விளக்குகளைக் கட்டி எரியவிட்டார். அன்று முதல் மெழுகுவத்தி மெல்ல மெல்ல விடைபெற்றது. வாளியும் விடைபெற்றது. அச்சமும் கூடவே போய்விட்டது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

நாம் ‘சீரியல் செட்’ என்கிறோமே, அந்தப் பெயரிலேயே அதன் பாடம் இருக்கிறது. ‘சீரிஸ்’ என்ற சொல்தான் நம் கடைத்தெருவில் ‘சீரியல்’ ஆயிற்று. ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த விளக்குகள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நாற்பது சிறு விளக்குகளைத் தொடராகக் கோத்தால் ஒவ்வொன்றும் ஆறு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவே பங்கு பெறும். ஆகையால்தான் மிளகாய் அளவுள்ள பல்பு வெடிக்காமல் எரிகிறது. பார்ப்பவர், ‘ஆறு வோல்ட் பல்புதானே, டார்ச் விளக்கு மாதிரிதானே’ என்று எண்ணிக்கொள்கிறார். பல்புக்கு ஆறு என்பது உண்மை. ஆனால் அதைத் தாங்கிவரும் வயரில், முதல் விளக்கின் வாசலில், தரையில் நிற்கும் மனிதனைப் பொறுத்தவரை முழு 230 வோல்ட்டும் நிற்கிறது. வெறுங்காலுடன் ஈரத்தில் நின்று அதைத் தொடுகிறவனுக்கு நாற்பதில் ஒரு பங்கு என்ற சலுகை கிடையாது.

இதைப் பாடப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. கலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில்தான் உறைத்தது.

கீழ்த்தளத்தில் நாங்கள் மூவர், எல்லோரும் தமிழ்நாட்டார். மேல்தளத்தில் வீட்டுக்கார அம்மச்சி. மக்கள் இருவரும் வளைகுடா நாட்டில். கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நட்சத்திரம் கட்டுவதும், புல்க்கூடு அமைப்பதும், மதிலில் விளக்கு ஓட்டுவதும் அவர் வேலையாக இருந்ததாம். இப்போது அந்த வேலை பக்கத்துக் கடைப் பையன் ஒருவனிடம் போயிற்று. அவன் கால் மணி நேரத்தில் இரும்புக் கேட்டைச் சுற்றிச் சரத்தைச் சுற்றிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நான்கைந்து நாள் கழித்து அம்மச்சி கையில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என்ன அம்மச்சி, கைவலியா?” என்று கேட்டேன். “வாதம் வந்துவிட்டது மோனே, விடியற்காலையில் கேட்டைத் திறக்கும்போது விரலெல்லாம் தரிக்கிறது” என்றார். தரிப்பு என்றால் மலையாளத்தில் மரத்துச் சுருசுருவென்று இருப்பது. எல்லா நாளும் உண்டா என்றேன். இல்லை, பனியில் முற்றம் நனைந்திருக்கும் நாளில்தான் என்றார். விடியற்காலை, வெறுங்கால், ஈரத்தரை, இரும்புக் கேட்டு. இரவெல்லாம் அணைக்காத விளக்கு. வாதத்துக்கு இவ்வளவு கணக்கு இராதே!

அன்று மாலை ரப்பர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு டெஸ்டரைக் கேட்டில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்த சிறு நியான் செக்கச் செவேலென்று எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், அணைந்தது. மறுபடி செருக எனக்கு மனம் வரவில்லை. சரத்தை விரல் விரலாகத் தடவிக்கொண்டு போனோம். கீல் இருக்கும் இடத்தில், கேட்டு திறந்து மூடும்போதெல்லாம் நசுங்கி, வயரின் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் பள்ளி விட்டு வந்ததும் அந்தக் கேட்டில் ஏறி ஊஞ்சலாடுவது வழக்கம். அவன் ஆடும் நேரம் விளக்குப் போடும் நேரத்துக்கு அரைமணி முந்தியது. அந்த அரைமணியை எண்ணி நாங்கள் மூவரும் சற்று நேரம் பேசவே இல்லை.

“பியூஸ் போயிருக்க வேண்டாமா?” என்று என் அறைத் தோழன் கேட்டான். பலரும் கேட்கும் கேள்வி இது. பியூஸ் கம்பி வீட்டைக் காப்பதற்கு. வயர் சூடேறித் தீப்பற்றாமல் தடுப்பதற்கு. 5 ஆம்பியர் பியூஸ் என்றால் அதற்கு மேல் ஓடினால்தான் உருகும். மனித உடல் வழியாக ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஓடினாலே இதயம் நின்றுபோகக் கூடும். பியூஸுக்கு அது கொசுக்கடி. 40 வாட் குண்டு பல்பு ஒன்று 0.17 ஆம்பியர் இழுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதைவிடக் குறைவானது ஓர் உயிருக்குப் போதும்.

மனிதனைக் காக்க வேறொரு கருவி இருக்கிறது. கடைக்காரர் இ.எல்.சி.பி. என்பார், ஆர்.சி.சி.பி. என்பார். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர், வேறு வழியில் கசிந்தால் நொடியில் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகத்தில் ‘டி’ என்று எழுதிய பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய பொம்மை. ஊருக்குப் போனால் உங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்திப் பாருங்கள். எங்கள் அம்மச்சியின் பழைய வீட்டில் பீங்கான் பியூஸ் கட்டை மட்டுமே இருந்தது.

சரத்தை எறிந்துவிடலாம் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. அது அம்மச்சியின் கணவர் வாங்கியது. ஆண்டுதோறும் அணைந்துபோன பல்பை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் முறுக்கி, டேப் சுற்றி ஓட்டியிருந்தார். நாற்பது முப்பத்தொன்றாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட் இருந்த பங்கு 7.4 ஆகிவிட்டது, பல்பு பளிச்சென்று எரியும், சூடும் ஏறும், அடுத்தது சீக்கிரம் போகும். ஒன்பது இடத்தில் டேப் காய்ந்து பிரிந்து நின்றது. அம்மச்சி ஒவ்வொரு முறுக்கையும் தொட்டுப் பார்த்தார். “இது அவர் கை மோனே” என்றார். ஓமின் விதியை அந்த இடத்தில் நான் எடுத்துச் சொல்லவில்லை. கேட்டில் ஆடும் சிறுவன் பெயரை மட்டும் சொன்னேன். அவரே கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, பிளக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு, சரத்தைப் புல்க்கூட்டின் மேல் மாலையாகச் சாத்தச் சொன்னார். அணைந்த விளக்காக இருந்தாலும் அழகாகத்தான் இருந்தது.

புதியது வாங்க எர்ணாகுளம் பிராட்வேக்குப் போனோம். கடைகளில் எல்.இ.டி. சரங்கள் மலை மலையாகக் குவிந்திருந்தன. இவற்றிலும் ஏமாறக் கூடாது. தலைமுடி போன்ற வயர், இரண்டே கால் பிளக், நடுவில் ஒரு சிறு பெட்டி: அந்தப் பெட்டி பெரும்பாலும் சிமிட்டுவதற்குத்தான், 230 வோல்ட்டைக் குறைத்துப் பிரித்துத் தருவதற்கு அன்று. ஐந்து வோல்ட் அடாப்டரில் எரியும் சரம் வேறு. பி.ஐ.எஸ். பதிவு முத்திரையுள்ள அடாப்டரை வீட்டுக்குள் செருகிவிட்டால் வெளியே போவது ஐந்தே வோல்ட். மழையானாலும் பனியானாலும் கையைச் சுடாது. அதையே வாங்கினோம். ஒளி சற்றுக் குறைவுதான். காகித நட்சத்திரத்துக்குள் இருந்த 60 வாட் குண்டு பல்பையும் மாற்றி 5 வாட் எல்.இ.டி. போட்டோம். பழைய பல்பு காகிதத்தைப் பழுப்பாக்கியிருந்தது. அதன் கீழேதான் வைக்கோல் வேய்ந்த புல்க்கூடு.

கட்டும்போது அம்மச்சி அலுமினிய ஏணியை எடுக்கச் சொன்னார். தெருவோரத்தில் மின்வாரியத்தின் கம்பி போகிறது. வேண்டாம் என்று சொல்லி மர முக்காலி ஒன்றைத் தேடினோம். இந்நாட்டில் மாங்காயும் தேங்காயும் பறிக்க இரும்புத் தோட்டியை உயர்த்திக் கம்பியில் பட்டு மாண்டவர் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. நம் ஊர்த் துரட்டியே இங்கே தோட்டி. அதே கம்பிதான், அதே ஏணிதான். விழாவென்றால் மட்டும் விலகிப் போகுமா? நம் விடுதி வாசலில் கூட, பிளக் இல்லாத வயர் முனைகளைத் தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் இறுக்கியிருந்த காட்சியை இவ்வாண்டு கண்டேன். கட்டியவர் மின்னியல் துறை நண்பர். பெயர் எழுதவில்லை, படித்தால் அவருக்கே தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து அம்மச்சி அந்தக் காப்புக் கருவியையும் பொருத்திக்கொண்டார். அன்று இரவே வம்பு வந்தது. கிணற்று மோட்டாரைப் போட்டால் பட்டென்று வீடே இருண்டது. மறுபடி ஏற்றினால் மறுபடி விழுந்தது. “நல்லாயிருந்த வீட்டைக் கெடுத்தீர்களே” என்று அம்மச்சிக்கு எங்கள்மேல் கோபம். மறுநாள் வயர்மேன் வந்து மோட்டாரைக் கழற்றினார். உள்ளே சுருள் கருகி, மின்சாரம் உடலில் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கிணற்றடியில் அந்த மோட்டாரின்மேல் கையூன்றித்தான் அம்மச்சி தினமும் குனிந்து வாளியை எடுப்பார். அன்று அவர் வயர்மேனுக்கு அப்பமும் கறியும் கொடுத்தார், எங்களுக்கும் கொடுத்தார்.