சர்க்கரையில்லாச் சர்க்கரை நீர்

ஹாங்காங்கில் நாம் வாழ்ந்த நாளில், அண்டை வீட்டுச் சீன மூதாட்டி கற்பித்தது 'தோங் சுய்'. கான்டனீஸ் மொழியில் அதற்குச் சர்க்கரை நீர் என்பது பொருள். வாப்பாவுக்கு நீரிழிவு கண்டபின் கற்கண்டை விலக்கினோம். உலர்ந்த செவ்விலந்தை 10 எடுத்துக் கொட்டை நீக்கி, ஊறிய வெண்காளானும் தாமரை விதையும் கூட்டி, சிறுதீயில் 1½ மணி நேரம் காய்ச்சினோம். விதையினுள் இருக்கும் பச்சைக் குருத்தைக் களையாவிடில் கசக்கும். ஒருமுறை மறந்து பட்ட பாடு நாமே அறிவோம்! காளான் குழைந்து நீர் கொழகொழத்தது. பழத்தின் இனிப்பும் இனிப்பேயன்றோ? ஆதலின் அரைக் கிண்ணமே அளித்தோம்.

வாப்பா இரு மிடறு பருகினார். "கற்கண்டு போட மறந்தது யார்?" என்றார். நாம் வாய் திறக்கவில்லை. மறுநாள் மாலை, தாமே அடுக்களைக்கு வந்து இலந்தைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.