குதிரைவாலியும் ஒரு அரைக்கூலியும்

சர்க்கரைக்காக இப்போது வாரம் இரண்டு நாள் எங்கள் வீட்டில் குதிரைவாலிப் பொங்கல். தட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய பாக்கி ஒன்று நினைவுக்கு வரும்.

எங்கள் ஊர் தஞ்சைப் பக்கம். ஏழாம் வகுப்புக் காலாண்டு விடுமுறை. சம்பா நட்டு முதல் களை எடுக்கும் நேரம். பெண்களோடு நானும் வயலில் இறங்கினேன். குதிரைவாலிப் புல் இளசில் நெற்பயிர் போலவே இருக்கும். நாற்றோடு கலந்து வந்தால் நடவிலேயே வயலுக்குள் புகுந்துவிடும். நான் நெல்லைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விட்டுவிட்டேன்.

மாலையில் அப்பா வந்து பார்த்தார். வரப்போரம் திட்டுத் திட்டாகப் பயிர் இல்லை. அந்தப் பக்கம் களை எடுத்த அக்காவுக்கு அரைக்கூலியைப் பிடித்துக்கொண்டார். அந்த அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இலை தண்டோட சேர்ற எடத்தப் பாருங்க. நெல்லுன்னா வெள்ளையா நாக்கு மாதிரி சவ்வு இருக்கும். இந்தப் புல்லுக்கு அது கெடையாது."

நம் ஊரில் விளையும் குதிரைவாலித் தானியம், வயலில் களையாக முளைக்கும் காட்டுக் குதிரைவாலியிலிருந்து வந்ததுதான். அன்று வரப்பில் வீசிய புல்லின் உறவை இன்று காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறேன்.

அந்த அக்கா காலமாகிப் பல வருடம் ஆகிறது. அரைக்கூலி மட்டும் இன்னும் என் கணக்கில் நிற்கிறது.