முல்லோயா மலையிலே ஒரு வரலாற்றுப் பாடம்

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டைக்குச் செல்லும் வீதி, வளைந்து வளைந்து மலையேறிச் செல்வது. இருமருங்கும் தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளமென விரிந்து கிடக்கின்றன. இம்மலைப் பிரதேசத்தைச் சேர்ந்த லூல்கந்துரைத் தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். இதனை அறியாத மாணவர் இலர். ஆனால், இதே பிரதேசத்து முல்லோயாத் தோட்டத்தின் கதையை அறிந்தோர் எத்தனை பேர்? அக்கதையைத் தேடியே நாம் சென்றோம்.

உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் எம் அறுவருக்கும் ஆசிரியர் இட்ட பணி, மக்கள் போராட்டமொன்றை ஆராய்ந்து கட்டுரை வரைதல். நூலகத்தில் யாம் புரட்டிய அரசியல் வரலாற்று நூல்களில் முல்லோயாவின் பெயர் இருக்கவே செய்தது. கைதான தொழிலாளர் மீதான வழக்குகளைத் தள்ளிவைக்குமாறு உள்நாட்டு மந்திரி சேர் டி. பி. ஜயதிலக பொலிஸ்மா அதிபருக்குப் பணித்தார். தேசாதிபதி கல்டிகொட் பொலிஸ்மா அதிபரின் பக்கம் நின்றார். அதனால் 1940இல் மந்திரிமார் பதவி துறந்தனர். இவையெல்லாம் அங்கே விரிவாக இருந்தன. தொழிலாளர் கைதாகக் காரணம் யாது என்பதற்கு இரண்டொரு வரிகளே இருந்தன.

அவ்விரண்டு வரிகளுக்குள் அடங்கிக் கிடந்தது ஓர் உயிர். 16 சதக் கூலி உயர்வு கோரியும், சங்கம் அமைக்கும் உரிமைக்காகவும் முல்லோயாத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சமசமாசக் கட்சியினர் அவர்களுக்குத் துணை நின்றனர். 1940 ஜனவரி 10ஆந் திகதி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர் நீத்தார். விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டபோது, அவரின் விதவை மனைவிக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார்.

மலையில் யாம் கண்ட முதியவர் ஒருவருக்கு இந்நிகழ்ச்சி தம் தாயார் வாய்மொழியாகவே தெரியும். யாம் படித்ததைப் பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு அம்மூதாட்டி சொன்னார்: "புள்ளைகளா, மந்திரிமாரு சண்டைக்கா அவரு செத்தாரு? கூலி கேட்டுத்தானே செத்தாரு!"

அச்சொல் எமது கட்டுரையின் அமைப்பையே நிர்ணயித்துவிட்டது. ஆவணங்களை எழுதி வைப்போர் அதிகாரத்தில் உள்ளோர். ஆதலின் ஏட்டில் அவர்தம் பிணக்குகளே பெருத்து நிற்கின்றன. முல்லோயா நிகழ்ந்து எட்டாண்டுகளில், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. சட்டசபையில் பேச ஆளற்றுப்போன மக்களின் கதையைப் பாடநூல் மறந்ததில் வியப்பென்ன?

ஆயினும் மக்கள் மறந்திலர். ஜனவரி 10ஆந் திகதி மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகின்றது. லயங்களிலே தாய் மகளுக்குச் சொல்லி வந்ததும் ஒரு வரலாற்று ஏடே. அவ்வேட்டைப் புரட்டுவதற்குக் கேட்கும் செவியும், சற்று மலையேறும் கால்களும் போதும்.

எமது கட்டுரையின் முதல் வாக்கியம் இப்போது கொழும்பிலே தொடங்கவில்லை. கோவிந்தன் என்ற பெயரோடு தொடங்குகின்றது. மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் இரண்டு வரிகளுக்குள் மறைந்து கிடக்கும் பெயர் ஒன்று இருக்கக்கூடும். அதனை அறிந்த முதியோர் எம்மிடையே இருக்கும்போதே சென்று கேளுங்கள்.