நாலு டாலர் சில்லறை

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டர். வெளிநாட்டுக் காசை நீட்டியவர்களிடம், "நோட்டு என்றால் மாற்றலாம், காசு வாங்க மாட்டோம்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

2018-ல், சிங்கப்பூரில் இருக்கும் மகன் எங்கள் இருவரையும் உல்லாசக் கப்பலில் ஏற்றிவிட்டான். பினாங்கு, ஃபுக்கெட், மறுபடி சிங்கப்பூர். ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று டிப்ஸைக் கப்பல் கணக்கிலேயே பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் அதில் அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அது கப்பல் சிப்பந்திகளுக்கு மட்டும்தான். கரையில் நம்மைச் சுற்றிக்காட்டுகிற உள்ளூர்க்காரர்களுக்கு அதில் ஒன்றும் போகாது.

பினாங்கில் வம்பில்லை. ரிக்‌ஷாவுக்கு ஏறும்போதே பேசிய கூலியைக் கொடுத்தோம், அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மலேசியாவில் டிப்ஸ் கட்டாயமில்லை.

ஃபுக்கெட்டில் கப்பல் கடலிலேயே நின்றுவிட்டது. படகில் பதோங் கடற்கரைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் சலோங் புத்தர் கோயிலுக்குப் போனோம். என் மனைவிக்கு முழங்கால் வலி. பஸ் நின்ற இடத்திலெல்லாம் டிரைவர் இறங்கி வந்து, படிக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, கைகொடுத்து இறக்கிவிட்டார். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

திரும்பியதும் பையைத் தடவினேன். சிங்கப்பூர் ஒரு டாலர் காசுகள் நாலு இருந்தன. பெருமையாக அவர் கையில் வைத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டார். வழிகாட்டிப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், காசை இங்கே மாற்ற முடியாது. அவர் வீட்டில் ஒரு டப்பா நிறைய கிடக்கிறது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பர்ஸோ கப்பலில். மனைவி கைப்பையின் உள்ளறையிலிருந்து, அவசரத்துக்கென்று வைத்திருந்த 10 டாலர் நோட்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, என் நாலு காசையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தார்!

இப்போதெல்லாம் கப்பலேறும் முன்பே இறங்கப்போகும் நாட்டின் சின்ன நோட்டுகளை மாற்றிக்கொள்கிறேன். தாய்லாந்து என்றால் பச்சை 20 பாட், சிவப்பு 100 பாட். ஏ.டி.எம்.மில் பெரிய நோட்டாக வந்தால் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கியாவது உடைத்துவிடுவேன்.

சிங்கப்பூரில் இறங்கியதும் அந்த நாலு காசில் இரண்டு காபி குடித்தோம். "கடைக்காரருக்கு டிப்ஸ் இல்லையா?" என்றாள் மனைவி.


நல்லவேளை, அங்கே அந்தப் பழக்கம் இல்லை.